பத்தாவது கேள்வி: கேரள எல்லையோரத் தமிழ்ப் பெண்களின் மனச்சோர்வும் மீட்சியும்

மனச்சோர்வைக் கண்டறிய ஆரம்ப சுகாதார நிலையங்களில் உலகெங்கும் பயன்படும் கேள்வித்தாள் ஒன்று உண்டு. பி.எச்.க்யூ-9 என்று பெயர். கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது நாட்டம் இருந்ததா, இருந்து என்ன பயன் என்று தோன்றியதா என ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். கூட்டினால் அதிகபட்சம் 27. பத்தைத் தொட்டால் கவனிக்க வேண்டும். ஐந்துக்குக் கீழே இறங்கினால் நோய் தணிந்தது என்று கொள்வார்கள். இவற்றுக்குப் பிறகு, மதிப்பெண்ணில் சேராத பத்தாவது கேள்வி ஒன்று வரும்: இந்தத் தொந்தரவுகளால் உங்கள் வேலையைச் செய்வதும் வீட்டைக் கவனிப்பதும் எவ்வளவு கஷ்டமாக இருந்தன?

மூணாறு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில், குடியிருந்து கொழுந்தெடுக்கும் பெண்ணிடம் இதைக் கேட்டால், “வேலைக்குப் போகாம எப்படி?” என்று திருப்பிக் கேட்பதற்கே வாய்ப்பு அதிகம். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போயிற்று. தொடர்ந்து போகாவிட்டால் குடியிருக்கும் வீட்டுக்கே கேள்வி வரும். நோயின் உச்சத்திலும் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். குணமான பிறகும் போவாள். இந்த நிலப்பகுதியைப் பொறுத்தவரை பத்தாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்து நோயையும் அறிய முடியாது, மீட்சியையும் அறிய முடியாது. ஆனால் குடும்பமும் மேஸ்திரியும், பல சமயம் மருத்துவரும்கூட, அந்த ஒரு பதிலைத்தான் நம்புகிறார்கள். “இப்ப வேலைக்கு ஒழுங்காப் போறா” என்பதோடு சிகிச்சை முடிந்துவிடுகிறது.

நான் சொல்லும் நிலப்பகுதி இரண்டு கேரள மாவட்டங்களின் ஓரம். பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடாத மாவட்டங்கள். இடையில் ஆனைமலைத் தொடர் கிடக்கிறது. இரண்டின் கிழக்கு விளிம்பிலும் தமிழ் பேசும் பெண்கள் வாழ்கிறார்கள். பாலக்காட்டில் சித்தூர் தாலுகாவின் கொழிஞ்ஞாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி. மாந்தோப்புகள் நிறைந்த முதலமடை. மேலே நெல்லியாம்பதித் தோட்டங்கள். வடக்கே, தமிழுக்கு நெருக்கமான மொழி பேசும் இருளர்கள் வாழும் அட்டப்பாடி. இடுக்கியில் மூணாறு, மறையூர், வட்டவடை, ஏலக்காடுகள் சூழ்ந்த உடும்பஞ்சோலை, குமுளி, வண்டிப்பெரியாறு. 1956 நவம்பர் 1 வரை, சித்தூர் தாலுகா நீங்கலாக, பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூரும் தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட போராட்டம் தோற்றது. கோடு போட்டாகிவிட்டது. கோட்டைத் தாண்டும் பிழைப்பு நிற்கவில்லை. கம்பம், போடி, தேவாரம் பக்கத்துப் பெண்கள் இன்றும் விடியும் முன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஏலக்காட்டுக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புகிறார்கள்.

இங்கே பெண்கள் மனச்சோர்வோடு மருத்துவரிடம் வருவதில்லை. உடம்போடு வருகிறார்கள். கை கால் உளைச்சல், நெஞ்சு அடைப்பு, உச்சந்தலை எரிச்சல், படபடப்பு, வெள்ளைப்படுதல், ராத்திரி தூக்கம் வரவில்லை. கொழுந்துக் கத்திரியை நாளெல்லாம் பிடிக்கும் கைக்கு வலி வருவது இயல்புதான் என்று வலி மாத்திரையும் சத்து ஊசியும் கிடைக்கும். வெள்ளைப்படுதலுக்கு நுண்ணுயிர்க்கொல்லி கிடைக்கும். கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் அவர் குழுவினரும் செய்த ஆய்வில், வெள்ளைப்படுதலைச் சொல்லி வரும் பெண்கள் பலருக்குத் தொற்று எதுவும் இல்லை. அந்தப் புகார் தொற்றைவிட மனச்சோர்வோடும் வாழ்க்கை நெருக்கடியோடும்தான் கூடுதலாகப் பிணைந்திருந்தது. இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் மனசின் தலையில் கட்டிவிடவும் கூடாது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சோர்வும் மறதியும் வரும், ரத்தசோகையிலும் வரும். அட்டப்பாடியின் ஆதிவாசி மக்களிடையே அரிவாள் அணு ரத்தசோகை ஒரு பழைய துயரம். ரத்தம் சோதிக்காமல் மனச்சோர்வு மாத்திரை எழுதுவதும், மனசை விசாரிக்காமல் இரும்புச்சத்து மாத்திரை எழுதுவதும் ஒரே அலட்சியத்தின் இரண்டு கைகள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களிடம் ஒன்றரை மடங்கு அதிகம். ஏன் என்பதற்கு ஹார்மோன் ஒரு பகுதி பதில். மீதிக்கு லண்டனுக்குப் போக வேண்டும். சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுனும் அவர் சகா டிரில் ஹாரிஸும் கேம்பர்வெல் என்ற உழைப்பாளர் பகுதியில் பெண்களை வீடு வீடாகச் சந்தித்து, 1978-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் போக்கையே மாற்றியது. பெரிய இழப்போ நெருக்கடியோ வரும்போது சில பெண்கள் மட்டும் ஏன் நோயில் விழுகிறார்கள்? அவர்கள் நான்கு காரணங்களைக் கண்டார்கள்: பதினோரு வயதுக்கு முன் தாயை இழந்தது, பதினான்கு வயதுக்குட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள், மனம்விட்டுப் பேச நெருங்கிய துணை இல்லாதது, வீட்டுக்கு வெளியே வேலை இல்லாதது.

கடைசிக் காரணத்தில் நம் பெண்கள் இடறுகிறார்கள். கேம்பர்வெல்லில் வெளிவேலை ஒரு கவசம். தனக்கென்று கொஞ்சம் காசு, கொஞ்சம் மதிப்பு, நாலு பேர் முகம். எல்லையோரப் பெண் நூறாண்டுக்கும் மேலாக வெளிவேலைக்குப் போகிறாள். அப்படியானால் அந்தக் கவசம் எங்கே போயிற்று? பீர்மேட்டுத் தோட்டத்தில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து மானுடவியலாளரான ஜெயசீலன் ராஜ், 2022-இல் வெளிவந்த தம் நூலில் கேரளத் தேயிலைத் தோட்டங்களின் நெருக்கடியை விவரிக்கிறார். தோட்டங்கள் முடங்கியபோது தலித் தமிழ்க் குடும்பங்கள் வெளியே பிழைப்புத் தேடிப் போய், சாதியும் மொழியும் சேர்ந்த இழிவைப் புதிதாகச் சந்தித்தன. தோட்ட வேலை கொடுத்தது கூலியும் கூரையும், மதிப்பைக் கொடுக்கவில்லை. ஓய்வு பெற்றால் அந்தக் கூரையும் கைவிட்டுப் போகும். பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்தால்தான் வீடு நிற்கும். ஐம்பதைத் தாண்டிய பெண்ணை ராத்திரி தூங்கவிடாத கவலை எது என்று கேட்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைப் பற்றி நம் ஊரிலேயே நல்ல ஆய்வு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக் குழு கிராமப்புறத் தாய்மார்களிடம் செய்து 2002-இல் வெளியிட்டது. கருவுற்றிருந்தபோது நலமாக இருந்தவர்களில் 11 சதவீதம் பேர் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வில் விழுந்தார்கள். காரணங்கள்: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்து பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கையுதவிக்கு ஆள் இல்லாதது. கடைசியாகச் சொன்னதை இத்துறை அறிஞர்கள் ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். எனக்கு அதுதான் மையம் என்று படுகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம் ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் கிடைக்கும் ஒரே நீண்ட விடுப்பு. இரண்டாவதற்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. 2017-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பேறுகால விடுப்பு 26 வாரம். நிரந்தரத் தொழிலாளியாகப் பெயர் பதிந்தவளுக்கு அது எட்டும். ஜீப்பில் ஏறிப் போய் அன்றன்றைய கூலி வாங்கும் ஏலக்காட்டுப் பெண்ணுக்கு எட்டாது.

சரி, இவர்கள் எப்படி மீள்கிறார்கள்?

மாத்திரையிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அதைப் பற்றிய பயம்தான் அதிகம். ஃப்ளூவாக்ஸடின், செர்ட்ராலின், எஸ்சிடலோப்ராம் போன்றவை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கக்கூடிய மலிவான மருந்துகள். இவை தூக்க மாத்திரைகள் அல்ல. போதைப்பழக்கம் ஆகிவிடுபவையும் அல்ல. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். வயிற்றுப் பிரட்டலும் தலைச்சுற்றலும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். தொந்தரவு முன்னால், பலன் பின்னால் என்ற இந்த வரிசையைச் சரிவில் நின்று கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு எடுத்துச் சொல்லாவிட்டால், அவள் நான்காம் நாளே மாத்திரையை அடுப்பில் போட்டுவிடுவாள். அவள் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். நலமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும் என்பதும் சொல்லப்பட வேண்டிய செய்தி. கடுமையான மனச்சோர்வில், குறிப்பாகச் சாகத் தோன்றுகிறது என்று சொல்லும் பெண்ணிடம், பேச்சுத் துணை மட்டும் போதும் என்று வாதிடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

மாத்திரை எழுத மருத்துவர் வேண்டும்; பேசித் தீர்க்க மருத்துவர்தான் வேண்டுமென்பதில்லை என்று காட்டியது கோவா. உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து ஆலோசகர்களாக அமர்த்திய மானஸ் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. அரசு சுகாதார நிலையங்களுக்கு வந்த நோயாளிகளில் இந்த உதவி கிடைத்தவர்களுள் 65.9 சதவீதம் பேர் ஆறு மாதத்தில் மீண்டார்கள். வழக்கமான கவனிப்பில் 42.5 சதவீதம். தனியார் மருத்துவர்களிடம் போனவர்களிடையே அப்படியொரு வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கடுமையான மனச்சோர்வுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள் கொண்ட பேச்சுச் சிகிச்சையைச் சோதித்து, அதே குழு 2017-இல் முடிவை வெளியிட்டது. மூன்று மாதத்தில் தணிந்தவர்கள் 64 சதவீதம். ஒப்பீட்டுக் குழுவில் 39. சிகிச்சை பெற்ற பெண்கள் கணவனிடம் அடிபடுவதும் குறைந்திருந்தது.

இந்தச் சிகிச்சையின் அடிப்படை எளிது. சோர்ந்தவர் எதையும் செய்யாமல் ஒடுங்குகிறார், ஒடுங்குவதால் மேலும் சோர்கிறார். ஆகவே சின்னச் சின்னச் செயல்களை மறுபடி தொடங்க வைத்தால் மனநிலை பின்தொடர்ந்து வரும். நிரூபிக்கப்பட்ட முறைதான். ஆனால் அதை அப்படியே மூணாறுக்குக் கொண்டுவந்தால் முதல் கேள்வியிலேயே முட்டும். விடிவதற்குள் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளையை அனுப்பி, எட்டு மணி நேரம் மலையில் நின்று, விறகோடு திரும்புகிறவளிடம் ‘ஏதாவது செய்யத் தொடங்குங்கள்’ என்று சொல்வது கேலிபோலக் கேட்கும். அவளிடம் செயல் குறைவாக இல்லை. தன் விருப்பத்துக்குச் செய்யும் செயல்தான் இல்லை. கோவில் பஜனைக்குப் போனது எப்போது, அக்கா வீட்டில் ஒரு ராத்திரி தங்கியது எப்போது, தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தது எப்போது என்று கேட்டு அங்கிருந்து தொடங்க வேண்டும். சிலருக்கு முதல் வாரத்துக்கான செயல் சும்மா உட்கார்வதாகவே இருக்கலாம்.

சும்மா இருக்கக் கிடைக்கும் இடம் எது என்று யோசித்தால் கோவில் நினைவுக்கு வருகிறது. எல்லையின் இரு பக்கக் குடும்பங்களும் குணசீலத்துக்கும் சோட்டானிக்கரைக்கும் மனநோயாளிகளை அழைத்துப் போய்த் தங்க வைக்கிற வழக்கம் பழையது. தமிழகக் கோவில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்து 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். பெரும்பாலோர் மனச்சிதைவு போன்ற கடும் நோயுள்ளவர்கள். மருந்தோ விசேஷச் சடங்கோ இல்லாமல் சராசரியாக ஆறு வாரம் தங்கியதிலேயே நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு இது, கோவில்களுக்குச் சான்றிதழ் ஆகாது; 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்ட மனநோயாளிகள் தீயில் கருகியதை மறந்துவிட்டு இதைப் பேசவும் முடியாது. ஆனாலும் கவனியுங்கள்: அந்த ஆறு வாரமும் கோவிலின் சின்னச் சின்ன வேலைகளைத் தவிர யாரும் அவர்களிடம் எதையும் கேட்கவில்லை, துரத்தவும் இல்லை. கேரளத்தில் ஆய்வு செய்த மானுடவியலாளர் மர்ஃபி ஹாலிபர்ட்டன் 2009-இல் வெளியான நூலில் இதே திசையில் ஒன்றைச் சொல்கிறார். நோயாளிகள் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும்போது பலனை மட்டும் பார்ப்பதில்லை. அந்தச் சிகிச்சைக்குள் இருப்பது இதமாக இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். தலையில் மருந்துப் பசை அப்பும் ஆயுர்வேதத் தலைபொதிச்சல், கோவில் இசை, குளியல் என்று பட்டியல் நீள்கிறது. உழைத்தே தேய்ந்த பெண்ணுக்கு அந்த இதமும் மருந்தின் ஒரு பாகம்.

பேச்சுத் துணைக்கு வருவோம். கேம்பர்வெல் ஆய்வின் டிரில் ஹாரிஸும் சகாக்களும் 1999-இல் இன்னொன்று செய்து பார்த்தார்கள். நீண்ட நாள் மனச்சோர்வில் இருந்த லண்டன் பெண்களுக்கு, வாரந்தோறும் வந்து சந்தித்துப் பேசும் ஒரு தன்னார்வலப் பெண்ணைத் துணையாகக் கொடுத்தார்கள். மருத்துவர் அல்ல, ஆலோசகரும் அல்ல. கடைக்குக் கூடவருவாள், தேநீர் குடிப்பாள், கேட்பாள். ஓராண்டில் தணிந்தவர்கள் 65 சதவீதம். துணை கிடைக்காமல் காத்திருந்தவர்களில் 39. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் பாட்டிமார்களைப் பயிற்றுவித்து, சுகாதார நிலைய வளாகத்து மரப்பெஞ்சில் உட்காரவைத்ததும், 2016-இல் அதன் பலன் நிரூபிக்கப்பட்டதும் இன்று உலகப் புகழ் பெற்ற கதை.

இப்படி உட்கார்ந்து பேச எல்லையோரத்தில் ஒரு பெஞ்சு தயாராகவே இருக்கிறது: 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டம். வாரம் ஒரு முறை பத்துப் பதினைந்து பெண்கள் கூடுகிறார்கள். சேமிப்பு, கடன், ஊர்ச் செய்தி. வன்முறைக்கு ஆளானவர்களுக்காக ‘சிநேகிதா’ உதவி மையமும் மாவட்டந்தோறும் உண்டு. கூட்டத்தைக் கண்டதும் நல்லது என்று முடிவுகட்டிவிடுவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. சித்தூர்ப் பகுதியில் தனியார் சிறுகடன் நிறுவனங்களும் பெண்களைக் குழுவாகத்தான் உட்காரவைக்கின்றன. ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். வசூலிப்பவர் வரும் நாளில் பக்கத்து வீட்டுக்காரியே எதிரியாகிறாள். மனம்விட்டுப் பேச வேண்டிய முகமும் பணம் கேட்கும் முகமும் ஒன்றாகிவிட்டால் பெஞ்சு எதற்கு? மனச்சோர்வுள்ள பெண்ணிடம் கடன் கணக்கு கேட்காமல் எழுதப்படும் சிகிச்சைக் குறிப்பு பாதிக் குறிப்புதான்.

2015 செப்டம்பரில் மூணாறில் நடந்ததையும் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டும். கண்ணன் தேவன் நிறுவனம் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தபோது, ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் ஆண்கள் நடத்திய சங்கங்களை ஒதுக்கிவிட்டு நடுத்தெருவில் உட்கார்ந்தார்கள். அந்த எழுச்சிக்குப் பெயர் பொம்பிளை ஒருமை. ஒன்பது நாளில் பழைய விகிதம் கருணைத்தொகையோடு சேர்ந்து திரும்பியது. அன்று 232 ரூபாயாக இருந்த தினக்கூலி அடுத்த கட்டப் போராட்டத்துக்குப் பின் 301 ஆனது. இதை மனநல நிகழ்ச்சியாக மாற்றிச் சொல்வது அந்தப் பெண்களைச் சிறுமைப்படுத்துவது. கூலிக்காகத்தான் போராடினார்கள். எனினும் ஜார்ஜ் பிரவுனின் பிற்கால ஆய்வுகளில் வரும் ஒரு முடிவு இதைப் பார்க்கும்போது நினைவில் எழுகிறது. நீண்ட மனச்சோர்விலிருந்து பெண்கள் மீண்ட தருணங்களுக்குச் சற்று முன்னால், வாழ்க்கையில் ஒரு புதுத் தொடக்கமோ ஒரு பழைய நெருக்கடியின் தளர்வோ இருந்தது பல பேரிடம் தெரிந்தது. நம்பிக்கை முதலில் வெளியே உண்டாகி, அதன் பிறகு உள்ளே வருகிறது. பொம்பிளை ஒருமையின் தலைமை சில மாதங்களில் பிளவுபட்டதும் உண்மை. வெளியே உண்டானது வெளியே உடையவும் செய்யும்.

அட்டப்பாடியில் இந்த வெளி நெருக்கடியின் பெயர் பல நேரம் சாராயம். அங்கே மதுவிலக்கு உண்டு. ஆனைக்கட்டி தாண்டினால் தமிழ்நாடு. தாய்க்குல சங்கம் என்ற ஆதிவாசிப் பெண்கள் அமைப்பு காய்ச்சுகிறவர்களோடும் எல்லைக்கு அப்பாலுள்ள டாஸ்மாக் கடைகளோடும் மோதியிருக்கிறது. 2013-இல் அட்டப்பாடிக் குழந்தைச் சாவுகள் நாடு முழுக்கச் செய்தியானபோது தாயின் ரத்த அளவும் குழந்தையின் எடையும் பேசப்பட்டன. சமூகச் சமையலறைகள் வந்தன, குடும்பஸ்ரீயின் சிறப்புத் திட்டம் வந்தது. குழந்தையை இழந்த பெண் அடுத்த பேறுகாலத்தை எப்படிக் கடந்தாள் என்பதை அந்த விவாதத்தில் தேடினால் மிகக் கொஞ்சமே அகப்படும். எடையைத் தராசு சொல்லும், இதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

துக்கமும் மனச்சோர்வும் ஒன்றல்ல என்பதைப் பெட்டிமுடி நினைவூட்டுகிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைக்கு அருகே மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 பேர் இறந்தார்கள். கயத்தாறு வட்டாரத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த குடும்பங்கள். ஒரே குடும்பத்தில் பலரை ஒரே இரவில் இழந்தவர்கள் உண்டு. அவர்கள் அழுவது நோயல்ல. மாதங்கள் கடந்தும் சாப்பாடு இறங்காமல், மழைச் சத்தம் கேட்டால் உடல் நடுங்கி, தான் மட்டும் ஏன் பிழைத்தேன் என்ற எண்ணம் விடாமல் துரத்தினால் அது கவனிக்கப்பட வேண்டிய நிலை. உயிர் தப்பிய குடும்பங்களுக்காகக் குற்றியார் பள்ளத்தாக்கில் 2021-இல் எட்டு வீடுகள் கட்டித் தரப்பட்டன. லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருமினாலும் கேட்கும் வாழ்க்கையை நாம் வசதிக்குறைவு என்கிறோம், சரிதான். ஆனால் ராத்திரி ஒருத்தி அழுதால் பக்கத்து முறிக்காரி எழுந்து வந்ததும் அதே சுவரால்தான்.

கேரள அரசு சும்மா இருக்கவில்லை. 2017-இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தின் கீழ் குடும்ப சுகாதார மையங்களில் ‘ஆஸ்வாசம்’ என்ற மனச்சோர்வு மருத்துவப் பிரிவைச் சேர்த்தது. கண்டறிவதையும் தொடர்ந்து விசாரிப்பதையும் செவிலியர்களே செய்யும் ஏற்பாடு. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு மாதம் ஒரு முறை தாலுகா மருத்துவமனைகளுக்கு வருகிறது. வடகேரளத்தில் மனநல மருத்துவர் மனோஜ் குமார் 2008-இல் தொடங்கிய மனநலச் செயல் அறக்கட்டளை, வலிதணிப்புச் சிகிச்சைக்காக ஊர்தோறும் இருந்த தன்னார்வலர் வலையையே ஏழை மனநோயாளிகளுக்கும் பயன்படுத்தி இலவச மருத்துவம் தருகிறது. இந்திய அளவில் பார்த்தால் இவை பெரிய காரியம். 2015-16-இல் தமிழ்நாடும் கேரளமும் உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்றே கண்டது. தெருமுனைவரை போய் இப்பெண்களை விசாரிக்கும் ஆஷா பணியாளர்கள் 2025 பிப்ரவரி முதல் மாதக்கணக்கில் தலைமைச் செயலக வாசலில் மதிப்பூதிய உயர்வு கேட்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களிடம் அந்த ஒன்பது கேள்விகளை யார் கேட்டார்கள்?

கேள்விகள் மலையாளத்தில் கேட்கப்படுவது இன்னொரு தடங்கல். எல்லையோரப் பெண்ணுக்குக் கடை மலையாளமும் ரேஷன் கடை மலையாளமும் நன்றாகவே வரும். புருஷன் அடித்ததையும் சாகத் தோன்றியதையும் அந்த மொழியில் சொல்ல வராது. மொழிபெயர்க்க மகளை உட்காரவைத்தால் வாயே திறக்காது. 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம் என்பது ஒரு வழி. ஒரே அறையில் எட்டுக் காதுகள் இருக்கும் லயத்தில் எங்கே நின்று பேசுவது என்பது அடுத்த சிக்கல்.

மீட்சி பாதியில் நிற்பதன் விலை என்ன என்பதற்குக் கேம்பிரிட்ஜில் மனநல மருத்துவர் யூஜின் பேய்கல் 1995-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு பதில் வைத்திருக்கிறது. மனச்சோர்வு தணிந்த பிறகும் தூக்கக்கேடு, அலுப்பு, பதற்றம் போன்ற மிச்சங்களோடு இருந்தவர்களில் 76 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. மிச்சமில்லாமல் மீண்டவர்களில் 25 சதவீதம். ‘வேலைக்குப் போகிறாள்’ என்று முடித்துவைக்கப்படும் நம் பெண்கள் எந்தக் கணக்கில் விழுவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இங்கே மீட்சியின் அறிகுறிகளை வேறிடத்தில் தேட வேண்டும். தீபாவளிக்குத் தனக்கென்று ஒரு சேலை கேட்கிறாளா? மேற்பார்வையாளர் எடை குறைத்து எழுதினால் சண்டை போடுகிறாளா? எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடாமல் பசித்த நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? கோபம் திரும்பியதைக் குடும்பம் நோய் முற்றியதாக நினைத்து மருத்துவரிடம் முறையிடலாம். அந்தக் கோபத்தை நல்ல செய்தியாக வாசிக்கத் தெரிந்த மருத்துவர் வேண்டும்.

செய்யக்கூடியதும் பெரிய செலவில்லாததுமான ஒன்று மிச்சம் இருக்கிறது. கோவில் கொடைக்கோ சாவுக்கோ சொந்த ஊர் போகும் பெண் எல்லையைத் தாண்டியதும் மாத்திரை தீர்ந்துவிடுகிறது. அடிமாலியில் எழுதிய சீட்டை வைத்துத் தேனி க.விலக்கு அரசு மருத்துவமனையில் அதே மாத்திரையை வாங்க முடிய வேண்டும். கோவையில் தொடங்கிய சிகிச்சையை அகளியில் தொடர முடிய வேண்டும். மருந்தின் பெயர், அளவு, எந்த மாதம்வரை என்ற மூன்றையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய ஒரு சீட்டை இரண்டு மாநில சுகாதாரத் துறைகளும் ஏற்றுக்கொண்டால் போதும். அந்தச் சீட்டில் ‘வேலைக்குத் தகுதி’ என்ற கட்டம் மட்டும் வேண்டாம்.